மற்றவர்களை மாற்றியே தீர வேண்டுமா? கொங்கு நாட்டிலிருந்து ஒரு மறுபரிசீலனை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஜெபக்கூடத் தகராறு அடிக்கடி காதில் விழும் செய்தியாகிவிட்டது. ஒரு வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு குடும்பம் கூடிப் பாட்டுப் பாடி ஜெபம் செய்யும். தெருமுனையில் ஆட்கள் திரள்வார்கள். காவல் நிலையத்துக்குப் புகார் போகும், அப்புறம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. ஒரு தரப்பு மதமாற்றம் என்று குரலெழுப்பும். மறு தரப்பு அரசியலமைப்பின் 25ஆவது பிரிவை எடுத்துக் காட்டும். 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஊர் கோவை. மதத்தின் பெயரால் இங்கே யார் குரலை உயர்த்தினாலும் வயிற்றைக் கலக்கும்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிறிஸ்தவராக மாறாவிட்டால் கெட்டுப்போவார் என்று ஒரு கிறிஸ்தவர் நம்பித்தான் ஆக வேண்டுமா? சட்டம் இதற்குப் பதில் சொல்லாது, சொல்லவும் கூடாது. சபைக்குள் இருக்கிறவர்கள்தான் பேச வேண்டும். நான் இந்த மண்ணில் பிறந்து, சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவன். வெளியிலிருந்து மிரட்டல் வருகிற நேரத்தில் இதைப் பேசலாமா என்று எங்கள் சபையாரே கேட்கிறார்கள். மிரட்டலுக்குப் பயந்து ஒரு நம்பிக்கையை விடுவதும் தப்பு, மிரட்டல் இருக்கிறதே என்பதற்காக அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்காமல் பிடித்துக்கொண்டிருப்பதும் தப்பு.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் மனதார வழியை மாற்றிக்கொள்வது அவருடைய உரிமை. அதில் அரசுக்கோ ஊருக்கோ சாதிச் சங்கத்துக்கோ வேலையில்லை. ஆனால் அவர் மாறியே ஆக வேண்டும், மாறாவிட்டால் நரகம் என்று சபை வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிரச்சினை. முதலாவதைக் காப்பாற்ற வேண்டும், இரண்டாவதைக் கைவிட வேண்டும்.

கொங்கு நாட்டுக்குக் கிறிஸ்தவம் வந்த வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1623இல் மதுரையிலிருந்து கிளம்பிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். காவி உடுத்தி, புலால் மறுத்து, சந்நியாசியாக வாழ்ந்தவர். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கங்கள்தான், கிறிஸ்தவரானவர் அவற்றை விட வேண்டியதில்லை என்பது அவர் நிலை. அதே 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரியும் அதை அனுமதித்தார். உள்ளூர்ப் பண்பாட்டை மதித்தவர் என்று அவரைப் புகழ்வது வழக்கம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சந்நியாசி ஒடுக்கப்பட்ட சாதியாரோடு வெளிப்படையாகப் புழங்க முடியாது. அவர்களுக்கென்று பண்டார சுவாமிகள் என்ற வேறொரு வகைத் துறவிகள் 1640 வாக்கில் புறப்பட்டார்கள். ஆக, வேதம் ஒன்று, குரு இரண்டு வகை. ஊரில் இருந்த சாதிப் படிக்கட்டு அப்படியே கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தது.

இதன் பாரத்தைச் சுமந்தவர்களில் ஒருவர் கோவைப் பக்கத்துக் கருமத்தம்பட்டியில் இருந்தார். மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக்காரர், 1842இல் புதுச்சேரியில் வந்து இறங்கியவர், சேலத்தில் வேலை பார்த்தவர். 1846 அக்டோபரில் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். கோவை மறைமாநிலத்தின் தொடக்க காலப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. உள்ளூர்க்காரர்களையே குருக்களாக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் சபைக்குள் அனுமதிக்கப்பட்டிருந்த சாதி வழக்கங்களை எதுவரை பொறுத்துப்போவது என்பது அவரை உறங்கவிடவில்லை. 1744லேயே ரோம் இதுபற்றி ஆணை பிறப்பித்திருந்தது. குருமார்கள் அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். நடைமுறை வேறாக இருந்தது. மனசாட்சிக்கு ஒத்துவராமல் பொறுப்பிலிருந்து விலக விண்ணப்பித்தார். 1855இல் ராஜினாமா ஏற்கப்பட்டது. பிறகு லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மறைபரப்புச் சபை ஒன்றை நிறுவி, 1859இல் சியரா லியோன் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் இறந்தார்.

மற்றவர்களை மாற்ற வந்த ஆயர், தன் சபையின் நிலையைப் பார்த்துத் தாங்க முடியாமல் போய்விட்டார். கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலுக்குத் தேர்த் திருவிழா பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கோயில் வரலாற்றில் அவர் பேர் இருக்கும், அவர் ஏன் போனார் என்பதுதான் பேசப்படுவதில்லை.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் பக்கம் வந்தால், லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மறைபரப்புச் சங்கம் 1827இல் சேலத்திலும் 1830இல் கோவையிலும் காலூன்றியது. கோவைக்கு வந்தவர் டபிள்யூ. பி. அடிஸ். கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்டுகள். சபைக்குள் சாதி கூடாது என்று 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு தீர்மானம் போட்டது. தீர்மானம் நல்ல தீர்மானம். ஆனால் சந்தையில் நின்று பிரசங்கம் செய்தும், கைப்பிரதி கொடுத்தும், பள்ளிக்கூடம் நடத்தியும் பல பத்தாண்டுகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் சேர்ந்தார்கள்.

நிலைமை மாறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஈரோடு, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் பண்ணையத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த அருந்ததியர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சபைக்கு வந்தன. ஒரு வளவே, அதாவது ஒரு குடியிருப்பே, சேர்ந்து முடிவெடுத்து வந்த இடங்களும் உண்டு. இவர்களைத் தேடி மிஷனரி போனார் என்பதைவிட, மிஷனரியைத் தேடி இவர்கள் வந்தார்கள் என்பதே சரி. தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட இயக்கங்களை ஆராய்ந்தவர்கள் பலரும் கண்டது இதுதான்: முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் அந்த மக்களே. பிள்ளைக்கு எழுத்து வேண்டும், கலெக்டருக்கு மனு எழுதித்தர ஓர் ஆள் வேண்டும், வளவுக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற மனிதர் ஒருவராவது வேண்டும். காலில் செருப்பில்லாமல், தோளில் துண்டில்லாமல் ஊர்த்தெருவில் நடக்க வேண்டியிருந்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நரகத்துக்குப் பயந்து வந்தார்கள் என்று சொல்வது அவர்களுடைய அறிவைக் குறைத்துச் சொல்வது. இந்த உலகத்திலேயே ஒரு நரகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அதிலிருந்து வெளியே வர வாசல் தேடினார்கள்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பிற்காலத்தில் சபை தன் கதையைச் சொல்லும்போது, "நாங்கள் போய் இருளில் கிடந்தவர்களை மீட்டோம்" என்று சொல்லிப் பழகிவிட்டது. எதிர்த்தரப்போ "பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறினவங்க" என்று ஏளனம் செய்கிறது. இரண்டு கதையிலும் அந்த அருந்ததியப் பாட்டனுக்கு மூளையும் இல்லை, முடிவும் இல்லை. ஒன்றில் மீட்கப்பட்ட பொருள், மற்றொன்றில் விலைக்கு வாங்கப்பட்ட பொருள்.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம். மாறாதவருக்கு மீட்சியில்லை என்ற கணக்கு.

கோவையில் ஒரு மருத்துவமனை. உறவினர் ஒருவரோடு வார்டில் துணைக்கு இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அன்னூர்ப் பக்கத்துப் பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். மாலையில் ஓர் ஊழியக்காரர் கட்டில் கட்டிலாக வந்து ஜெபித்தார். நல்ல மனிதர், அதட்டாமல் பேசினார். பாட்டியும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஜெபம் முடிந்ததும், "இயேசுவை ஏத்துக்கிட்டாத்தான்மா பரலோகம், வேற வழி இல்ல" என்றார். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏனுங் சாமி, எங்கூட்டுக்காரரு போயி அஞ்சு வருசமாச்சுங். ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்காத மனுசனுங். அவரு இப்ப எங்கீங் இருப்பாரு?" ஊழியக்காரர் மென்று விழுங்கினார். "அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கலம்மா. உங்களுக்குக் கிடைச்சிருக்கு." பாட்டி தலையாட்டினார். "அப்படீங்களா? அப்ப அவரு இருக்கற எடத்துக்கே நானும் போயிக்கறனுங்." அதில் கோபமில்லை. பால் வேண்டுமா என்று என் உறவினரைக் கேட்கத் திரும்பிவிட்டார்.

அந்தப் பாட்டி கேட்டது புதுக் கேள்வியில்லை. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்து 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதே கேள்வி இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற ஜப்பானியர்கள் தங்கள் முன்னோருக்கு விடுதலை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அழுதார்கள். அந்த அழுகை தன்னையும் வருத்தியதாக எழுதுகிறார் சவேரியார். வருத்தப்பட்டார், ஆனால் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் காலத்துச் சபை போதனை அப்படி. திருச்சபைக்கு வெளியே இருக்கிறவர்கள் யாராயிருந்தாலும் நித்திய நெருப்புக்குத்தான் என்று 1442இல் புளோரன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் எழுதி வைத்திருந்தது.

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஆடி அமாவாசைக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் பவானி கூடுதுறையில் நின்று பாருங்கள். காவிரியும் பவானியும் சேருகிற இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டுச் செத்துப்போன அப்பனையும் ஆத்தாளையும் நினைக்கிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து "உங்கள் முன்னோர் அத்தனை பேரும் எரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று சொல்வது எப்படி நற்செய்தியாகும்? சொல்கிறவருக்கு நல்ல எண்ணம் இருக்கலாம். கேட்கிறவர் காதில் அது தன் பெற்றோர் மேல் சொல்லப்பட்ட சாபமாகத்தான் விழும்.

வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கிற வசனங்களை நான் மறைக்கப்போவதில்லை. "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று யோவான் 14இல் இருக்கிறது. "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று மத்தேயு 28இல் இருக்கிறது. ஆனால் அதே மத்தேயுவின் 8ஆம் அதிகாரத்தில் ஒரு ரோமப் படைத்தலைவன் வருகிறான். அவன் யூதனல்ல. அவன் வேலைக்காரனை இயேசு குணமாக்குகிறார். இஸ்ரவேலருக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று வியக்கிறார். "நீ போகலாம்" என்று அனுப்பிவிடுகிறார். மார்க்கத்தை மாற்று என்று சொல்லவில்லை, பின்னே வா என்றுகூடச் சொல்லவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 10இல் பேதுரு, எந்த ஜனத்திலானாலும் தேவனுக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று தனக்கு இப்போதுதான் விளங்கிற்று என்கிறார். பேதுரு அப்போது பேசிக்கொண்டிருந்த ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு அப்புறம் ஞானஸ்நானம் பெற்றது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தில் முதலில் மனம் மாறுகிறவர் பேதுரு, கொர்நேலியு அல்ல. எங்கள் பிரசங்க மேடைகளில் யோவான் 14 முழங்குகிற அளவுக்கு இந்தப் பகுதிகள் முழங்கிக் கேட்டதில்லை.

மத்தேயு 28இன் அந்தக் கட்டளையே எல்லாக் காலத்திலும் இன்று புரிந்துகொள்வதுபோலப் புரிந்துகொள்ளப்படவில்லை. சீர்திருத்த சபையினர் பலர் நெடுங்காலம் அது அப்போஸ்தலர்களுக்குச் சொன்னது, அவர்களோடு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி 1792இல் ஒரு சிறு நூல் எழுதி, இல்லை, நம் எல்லோருக்கும் சொன்னது என்று வாதாடினார். 1793இல் வங்காளத்துக்கு வந்தார். 1795இல் லண்டன் மிஷன் பிறந்தது. நம் ஊர்ப் பெஞ்சுகளில் உட்கார்ந்து "மகா கட்டளை" என்று நாம் பாடம் படிப்பது அந்த அலையின் தொடர்ச்சி. கேரியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு காலத்தில் ஒரு வாதமாக வந்த விளக்கம் இன்று கேள்வி கேட்கவே கூடாததாகிவிட்டது என்பதுதான் என் குறை.

மறுபரிசீலனை என்பதும் நேற்று முளைத்ததில்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமையின் வி. எஸ். அசரியா எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டார். 1932இல் ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஹாக்கிங் தலைமையிலான அமெரிக்கக் குழு, மிஷனரிகள் பிற மதத்தாரோடு சேர்ந்து உண்மையைத் தேட வேண்டும், மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் ஆள் சேர்க்கும் வலையாக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அமெரிக்கச் சபைகள் பல அதைக் கடுமையாக எதிர்த்தன.

1938இல் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மாநாடு கூடியது. டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே எழுதிய நூலில் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் இடையே தொடர்ச்சியே இல்லை என்று வாதிட்டார். அதற்கு மறுப்பாக நூல் வெளியிட்டவர்கள் சென்னையின் இந்தியக் கிறிஸ்தவர்கள். அவர்களில் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த வி. சக்கரையும், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும் முக்கியமானவர்கள். இரண்டு பேரும் இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். தாங்கள் விட்டு வந்த வீட்டை இருட்டு என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. தங்கள் பழைய மரபு தங்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து விட்டது என்றே பார்த்தார்கள். தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகளில் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். படித்துவிட்டு வருகிற ஆயர் சபைக்கு வந்ததும் எழுப்புதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறார். சபையார் எதிர்பார்ப்பது அதுதான் என்பதால் அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கத்தோலிக்கர் பக்கம் 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பிற மதங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. புளோரன்ஸிலிருந்து அங்கே வந்து சேர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் 1999 நவம்பரில் தில்லிக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால், மூன்றாம் ஆயிரமாண்டில் ஆசியாவில் விசுவாசத்தின் பெரிய அறுவடை நடக்க ஜெபிக்கலாம் என்றார். 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சுவிசேஷ சபைகளின் உலகக் கூட்டணியும் சேர்ந்து ஒரு நடத்தை நெறி வெளியிட்டன. வஞ்சனையும் வற்புறுத்தலும் கூடாது, வறுமையைப் பயன்படுத்தி ஆசை காட்டக் கூடாது, குணமாக்கும் ஊழியம் என்ற பெயரில் நோயாளியின் பலவீனத்தைச் சுரண்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உலகக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் அமைப்புகள் சேர்ந்து எழுதியது அது. நம் ஊர்ச் சபை அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டி நான் பார்க்கவில்லை.

இதற்கு நேரெதிராக வளர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் மிஷனரியாக இருந்த டொனால்டு மெக்கவ்ரன், ஆட்கள் தங்கள் இனத்தையும் மொழியையும் வர்க்கத்தையும் தாண்டாமல் கிறிஸ்தவர்களாகவே விரும்புகிறார்கள், ஆகவே இனம் இனமாக அணுக வேண்டும் என்று 1950களிலிருந்து எழுதினார். சபை வளர்ச்சி என்ற பெயரில் அது ஒரு துறையாகவே ஆகிவிட்டது. இன்று இந்தியாவின் சாதிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, இந்தச் சாதியில் இத்தனை லட்சம், கிறிஸ்தவர் இத்தனை சதவீதம், சுவிசேஷம் அறிவிக்கப்படாத மக்கள் என்று குறித்து வைத்து உலகம் முழுவதும் ஜெபிக்கச் சொல்லும் பட்டியல்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கொங்குச் சாதி ஒன்றைத் திரையில் பார்த்து ஜெபிக்கிறார். அவர் பக்தியைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் சாதியையே அலகாக்கி ஆள் எண்ணுகிற திட்டம், சாதி இல்லை என்று ஞானஸ்நானம் கொடுக்கிற சபைக்கு எப்படிப் பொருந்தும்? பிரெசிலாக்கை கருமத்தம்பட்டியிலிருந்து விரட்டிய அதே சிக்கல் கணினி அட்டவணையாகத் திரும்பி வந்திருக்கிறது. எண்ணிக்கை கேட்டுப் பணம் வருகிற இடத்தில் ஊழியக்காரர் எண்ணிக்கையைத்தான் தேடுவார். கஷ்டப்பட்டு சைக்கிளில் போய் ஊழியம் செய்கிற ஏழைச் சுவிசேஷகரைத்தான் தெருவில் நிறுத்தி அடிக்கிறார்கள். அறிக்கை கேட்கிறவர் மேல் ஒரு கீறலும் படாது.

ஆனால் எண்ணிக்கைப் பயத்தை வைத்து அரசியல் செய்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு காட்ட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். கொங்குச் சமவெளி மாவட்டங்கள் எல்லாமே அந்தச் சராசரிக்குக் கீழே. நானூறு வருடப் பிரசங்கத்துக்குப் பிறகு நிலைமை இது. கொங்கு நாடு மதம் மாறிப்போகிறது என்பது வெறும் பீதி.

மதமாற்றமே கூடாது என்று சொன்ன பெரியவர்களிலும் ஓர் ஓட்டை இருந்தது. காந்தி மிஷனரிகளிடம் கேட்ட பல கேள்விகள் நியாயமானவை. சேவையைச் சேவையாகச் செய்யுங்கள், பலன் எதிர்பார்க்காதீர்கள் என்றார். ஆனால் 1936இல் ஜான் மாட் என்ற மிஷனரித் தலைவரோடு பேசும்போது, ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சுவிசேஷம் சொல்வதைப் பசுவுக்குச் சொல்வதோடு ஒப்பிட்டார். அவர்களில் சிலருக்குப் பகுத்தறியும் சக்தி போதாது என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய வருடம்தான் அம்பேத்கர் தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். 1956இல் நாக்பூரில் பெருந்திரளோடு பௌத்தம் தழுவினார். சாதியில் கீழே தள்ளப்பட்டவர் வேறு வழி தேடுவதை யாரும் பசப்பு வார்த்தைக்கு மயங்கியதாகச் சொல்லக் கூடாது. நான் சபையைப் பார்த்து வைக்கும் விமர்சனத்தை அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு போய், பார், அவர்களே சொல்கிறார்கள் என்று பயன்படுத்துகிறவர்களுக்கும் இதுவே பதில்.

சட்டம் இந்த மக்களை எப்படி நடத்துகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் சேரவில்லை. அருந்ததியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார். 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 சதவீத உள் ஒதுக்கீடும் இல்லை. வளவில் குடியிருப்பு மாறாது, செய்கிற வேலை மாறாது, டீக்கடையில் பார்க்கிற பார்வை மாறாது, சான்றிதழ் மட்டும் மாறும். அதனால்தான் சபைப் பதிவேட்டில் ஒரு பேரும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பேருமாக வாழ்கிற குடும்பங்கள் நம் பக்கம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு பேர், திங்கட்கிழமை ஒரு பேர். ஆத்தும ஆதாயம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மேடைகள் இந்தப் பிள்ளைகளின் சான்றிதழுக்காக எத்தனை நிமிடம் பேசியிருக்கும்? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

அன்றாட வாழ்க்கையில் இந்த நம்பிக்கை எப்படிக் கசக்கிறது என்பதற்கு மாரியம்மன் நோம்பியே (திருவிழாவே) போதும். ஊரில் கம்பம் நட்டாயிற்று, வரி போட்டாயிற்று. சபைக் குடும்பம் ஊர் வரி கொடுக்கலாமா? கொடுத்தால் ஆயர் கேட்பார், கொடுக்காவிட்டால் ஊர் கேட்கும். நோம்பி முடிந்து பக்கத்து வீட்டு அக்கா மாவிளக்கு மாவைத் தட்டில் வைத்து எடுத்து வருவார். வெல்லமும் பச்சரிசியும் ஏலக்காயும் கமகமக்கும். சில வீடுகளில் வாங்கி உள்ளே வைத்து, அவர் போனதும் மாட்டுத்தொட்டியில் கொட்டுவார்கள். சில வீடுகளில் வாசலிலேயே, "எங்களுக்கு ஆகாதுங்" என்பார்கள். அந்த அக்கா கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுத்த முறுக்கைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து ஊர்க்காரர்கள் பவுலிடம் கேட்டார்கள். போஜனம் நம்மைத் தேவனுக்கு உகந்தவர்களாக்காது, ஆனால் பலவீனமான மனசாட்சியுள்ள சகோதரனுக்கு உன் சுதந்திரம் இடறலாகக் கூடாது என்பது அவர் சொன்ன சாரம். அங்கே பவுலின் அக்கறை பக்கத்தில் இருக்கிற மனிதர் மேல். எங்கள் பக்கமோ அந்த வசனங்களை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியையே அசுத்தமாக்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா மாவிளக்கை வாங்கி எல்லோருக்கும் பிட்டுக் கொடுப்பார். தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார், இரண்டு கொய்யாப்பழமாவது வைத்துக் கொடுப்பார்.

ஈரோட்டில் ஊழியம் செய்த ஹெர்பர்ட் பாப்லி என்ற லண்டன் மிஷன்காரரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மதம் மாற்றத்தான் வந்தார், அதில் ஒளிவுமறைவில்லை. கர்நாடக இசை கற்றுக்கொண்டு சுவிசேஷத்தைக் கதா காலட்சேபமாகப் பாடினார். போகப்போகத் திருக்குறள் அவரைப் பிடித்துக்கொண்டது; 1931இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். குறளைக் குறை கண்டுபிடிக்கவா படித்தார்? இல்லை, தன் நாட்டாருக்கும் இது தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படித்தார். ஒருவருடைய நம்பிக்கையை அவ்வளவு கூர்ந்து கேட்டவர் அதை வெறும் இருட்டு என்று சொல்ல மாட்டார். வெறும் இருட்டு என்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பதிகம்கூடக் காது கொடுத்துக் கேட்காதவர்கள். கருமத்தம்பட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவிநாசி. சுந்தரர் பாடிய தலம். பிறந்ததிலிருந்து அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற கிறிஸ்தவர்கள் எத்தனையோ பேர், சுந்தரர் அங்கே என்ன கேட்டு அழுதார் என்று தெரிந்துகொள்ள ஒருநாளாவது நினைத்திருப்போமா?

அப்படியானால் சபை எதற்கு, ஊழியம் எதற்கு, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். என் அத்தை மகன் ஒருவர் சுவிசேஷகர், அவரே இதைத்தான் கேட்டார்: "மாமா, நரகம் இல்லைன்னா நான் ஏன் வேகாத வெயில்ல அலையணும்?" நான் அவருக்குச் சொன்னது இதுதான். நீ போகிற வளவில் குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம் பேசி நிறுத்துகிறாய், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறாய், செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கிறாய், இயேசு உனக்கு என்ன செய்தார் என்று சொல்கிறாய். இதெல்லாம் நரகம் இருந்தால்தான் செய்வாயா? கேட்கிறவர் எனக்கும் இந்த வழி வேண்டும் என்றால் ஞானஸ்நானம் கொடு, ஊர் எதிர்த்தால் சபை முழுக்க அவர் பின்னால் நிற்கட்டும். வேண்டாம் என்றால் அடுத்த வாரமும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார். மாத அறிக்கையில் ஞானஸ்நானம் எத்தனை என்ற கட்டத்தைக் காலியாக விடு, கேட்டால் என் பேரைச் சொல். அவர் சிரித்துவிட்டு, "கட்டம் காலியா இருந்தா சம்பளம் வராது மாமா" என்றார். அது உண்மை. அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டியவர்கள் படிவத்தை அச்சடிக்கிறவர்கள். எங்கள் பாஸ்டரேட் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) இதை எழுத்துமூலமாகக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.